சிங்கமுகம்

மூன்று தலை சூரனுக்கு.
யானைமுகம், சிங்கமுகம், கடைசியில் அவனுடைய சொந்த முகம்.
ஒன்றைக் கழற்றி மற்றதைக் கொளுவுவது என் வேலை.
சட்டத்தின் பின்பக்கம், சனத்தின் கண்ணில் படாமல்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பேன்.
வேல் வந்து தொட்டதும் ஆப்பை உருவ வேண்டும்.
பிந்தினால்
செத்த தலையோடு நின்று ஆடுவான்.
முந்தினால்
வேல் படாமலே செத்துப்போவான்.
இரண்டுக்கும் குருக்கள் பேசுவார்.

சிங்கமுகம்தான் பாரம்.
மாவிலங்கு மரம், உள்ளே கோறை.
நாக்குத் தனியாகச் செதுக்கிப் பொருத்தினது;
ஒரு வருஷம் அது கழன்று
சைக்கிள் ரியூப்பால் கட்டி ஆட்டினோம்.
சண்டிலிப்பாய்ச் சனத்துக்கு அது தெரியாது.

வாகனசாலையில் மயிலுக்குப் பட்டுப் போர்வை.
குதிரைக்கு வெள்ளித்தகடு.
தலைகள் மூன்றும் மூலையில்,
எண்ணெய்த் தகரத்துக்குப் பக்கத்தில்,
நிலத்தைப் பார்த்தபடி.
வருஷத்தில் ஒரு பின்னேரம் சீவியம்,
மிச்சமெல்லாம் வௌவால் எச்சம்.

அந்த ஐப்பசியில் சூரன் ஆடவில்லை.
காப்புக் கட்டினவர்கள் கட்டின காப்போடேயே
நாவற்குழிப் பாலத்தில்
ஒரு மணித்தியாலத்துக்கு நாலு அடி நகர்ந்தார்கள்.
மழை.
பாறணை எங்கே என்று
ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

சித்திரையில் திரும்பி வந்தோம்.
மயில் இல்லை.
குதிரை உரிபட்டுக் கிடந்தது.
மணி இல்லை, விளக்கு இல்லை,
கதவும் இல்லை, கதவின் நிலையும் இல்லை.
மூலையில் மூன்று தலை
வைத்தது வைத்தபடி.
தோற்றவனை ஆர் தூக்கிக்கொண்டு போறது?

அன்றைக்கே இராசமலர் வந்தாள்.
ஒரு கதை இல்லை.
சிங்கமுகத்தின் வாய்க்குள்
முழங்கை மட்டும் கையை விட்டாள்.
"பாம்பு கிடக்கும்" என்றேன்.
"கிடந்தால் கிடக்கட்டும்."
முதலில் வந்தது குளவிக்கூட்டு மண்.
பிறகு ஷொப்பிங் பை,
பைக்குள் பை,
அதற்குள் பதினொரு பவுணில் கொடி.
அங்கேயே கழுத்தில் போட்டாள்.
போட்ட கையோடு
திரும்பவும் உள்ளே துழாவினாள்.

ஒரு மோதிரம்.
சிவப்புக் கல்.
பெரிய விரலுக்குச் செய்து
சின்ன விரலுக்கு வந்தது போல,
அடியில் நூல் சுற்றி இறுக்கியிருந்தது.

"இது என்ரை இல்லை."

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
உள்ளே மூலஸ்தானத்தில் அவர் இருந்தார்,
வாசலில் வைரவர் இருந்தார்,
அந்த இரவில் இந்த ஊரில் இரண்டு பேர்
சூரனின் வாயை நம்பியிருக்கிறார்கள்.

கேட்டால் பத்துப்பேர் வருவார்கள்.
உரியவள் மட்டும் வரமாட்டாள்.
ஆறு நாள் மிளகும் தண்ணியுமாய் இருந்தவள்
"சூரனிட்டைக் குடுத்தனான்" என்று
எந்த வாயால் சொல்லுவாள்?

இராசமலர் அதை வந்த வழியே போட்டாள்.
மரத்துக்குள் உருண்டு
எங்கேயோ போய்க் கிலுங்கியது.

பிறகு வருஷாவருஷம் கிலுங்கியது.
திரவியமும் ஆட்களும் தண்டைத் தோளில் ஏற்றிச்
சூரனை உலுப்ப உலுப்ப
பறைக்கும் தவிலுக்கும் இடையில்
ஒரு சின்னச் சத்தம்.
எனக்கு மட்டும் கேட்கும்.
எல்லாரும் வேலைப் பார்க்கிற நேரம்
நான் சனத்தைப் பார்ப்பேன்,
ஆருடைய முகம் திரும்புகிறது என்று.
எல்லா முகமும் ஒரே பக்கம்தான்.

கனடாவிலிருந்து காசு வந்தபோது
பைபரில் புதுத்தலை செய்வோம், பாரமில்லை என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள்.
நாரி நோவு எனக்குத்தானே, நான் சுமக்கிறேன் என்றேன்.

போன வருஷம்
சிங்கமுகத்தைத் தூக்கிக் கொளுவினேன்.
உலுப்பினார்கள்.
ஒன்றும் இல்லை.
இன்னும் உலுப்பினார்கள்.
வேல் வந்து தொட்டுப் போய்விட்டது,
நான் ஆப்பில் கை வைத்தபடி
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
செத்த தலையோடு சூரன் ஆடினான்.
சனம் சிரித்தது.
குருக்கள் பேசினார், நல்லாய்ப் பேசினார்.

இரவு வாகனசாலையில் ரோச் அடித்துப் பார்த்தேன்.
தொண்டைக்குள்,
நாக்கு முளைக்கிற இடத்தில்,
அந்த நூல் மட்டும்,
ஆறுதலாக இருந்து கழற்றின மாதிரி
ஒரு முடிச்சும் அறாமல்.